கிளினிக்கை நடுவில் வைத்து ஓர் ஆங்கில வகுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்களுக்கு ஆங்கிலம்தான் வீட்டுமொழி. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பலில் தொடங்கி அடுத்தடுத்த கப்பல்களில் வந்து, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். கோவெந்தர், மூட்லி போன்ற குடும்பப் பெயர்களும் காவடியும் நிலைத்துவிட்டன. தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் மறைந்துவிட்டது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயா மட்டும் என்னைக் காணும்போதெல்லாம் “சாப்பிட்டாயா, கண்ணு?” என்பார். அவருடைய மருமகள்தான் என்னைக் கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில் பாடம் நடத்த அழைத்துப் போனார்.

வகுப்புக்கு வருபவர்கள் என்னைப் போலப் புதிதாக வந்தவர்கள்: காங்கோ, புருண்டி நாட்டுப் பெண்கள், கணவரின் வேலைக்காகக் குடிபெயர்ந்த நம் ஊர்ப் பெண்கள். பிரெஞ்சும் சுவாஹிலியும் தமிழும் கலந்து ஒலிக்கும் அந்தக் கூடத்தில் பொதுவாக இருந்தது தேவை மட்டும்தான். நாளைக்குக் கிளினிக்கில் பேசியாக வேண்டும்.

ஒரு சொல்லை நடுவில் வைத்து, அதோடு தொடர்புள்ளவற்றைக் கிளை கிளையாக வரைவதுதான் மனவரைபடம்; தமிழ்நாட்டில் ஆசிரியராக இருந்த எனக்கு அது புதிதல்ல. படைப்பாற்றல் கல்வி முறை வகுப்புகளில் பிள்ளைகள் பாடத்தைப் படித்துவிட்டு அதைத்தான் வரைவார்கள். இங்கே அதை மடிக்கணினியில் ‘ஃப்ரீமைண்ட்’ என்ற இலவச மென்பொருளில் செய்கிறேன். இணையம் வேண்டாம், மின்வெட்டு வந்தாலும் பேட்டரி தீரும்வரை பாடம் நடக்கும்.

எதை நடுவில் வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாடநூல்கள் பழங்கள், நிறங்கள், உடலுறுப்புகள் என்று ஒரே இனச் சொற்களை ஒரு கிளையில் தொங்கவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே இனப் புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்றால் அவை ஒன்றோடொன்று குழம்பும் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் தாமஸ் டிங்காம் 1990களிலேயே சோதித்துக் காட்டினார். ஒரே சூழலில் சேர்ந்து வரும் சொற்கள் எளிதாகப் பதிந்தன. என் வகுப்பில் நான் காண்பதும் அதுவே. அதனால் ‘உடல்’ என்ற வரைபடத்தை விட்டுவிட்டுக் ‘கிளினிக்’ என்பதை நடுவில் வைத்தேன். வரிசையில் நிற்பது, நர்ஸிடம் சொல்வது, மருந்து வாங்குவது என்று நிகழ்வின் வரிசையிலேயே கிளைகள். ‘காய்ச்சல்’ என்ற சொல்லுக்கு அருகிலேயே ‘எப்போதிலிருந்து’ என்ற கேள்வியும் அதற்கான விடையும். தனிச்சொல் எதுவும் தனியாக நிற்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி.

காகிதத்தில் முடியாத ஒன்று இதில் முடிகிறது. ஒரு கிளையை மடித்து மறைக்கலாம். “உள்ளே என்ன இருந்தது?” என்று கேட்டால் கூடமே விடை சொல்லத் தொடங்கும், பிறகு திறந்து சரிபார்ப்போம். நினைவிலிருந்து எடுத்துச் சொன்ன சொல், பார்த்துப் படித்த சொல்லைவிட ஆழமாகத் தங்குகிறது. கிளைகளை இடம் மாற்றவும் முடியும். ஒரு காங்கோ அக்கா, ‘அட்டையைக் கொடுப்பது’ வரிசையில் நிற்பதற்கு முன்னால் வர வேண்டும் என்று வாதிட்டு, அதை அவரே இழுத்து வைத்தார். அந்த வாதம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது!

எல்லாரிடமும் கணினி இல்லை. கைப்பேசித் திரையில் பெரிய வரைபடம் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். எனவே ஒரு படத்தில் புதுச் சொற்களைக் குறைவாகவே வைக்கிறேன்; வகுப்பு முடிவில் நோட்டில் கையால் வரையச் சொல்கிறேன். வயதானவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். தம் மொழிச் சொல்லையும் ஓரத்தில் எழுதிக்கொள்கிறார்கள், நான் தடுப்பதில்லை.

அடுத்த வரைபடத்தை அவர்களே கேட்டிருக்கிறார்கள்: முன்பணம் கட்டும் மின்மீட்டர். கடையில் காசு கொடுத்து இருபது இலக்க எண்ணை வாங்கி மீட்டரில் அழுத்த வேண்டும். எண்ணை ஏற்காவிட்டால் கடைக்காரரிடம் என்ன சொல்வது? அந்தக் கிளையை இந்த வாரம் ஆயாவின் மருமகளும் நானும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.