குரங்குக்கு விட்டமின் ஏ சொட்டு ஊத்துறதுக்கு முன்னாடி

கூண்டுக் குரங்குக்கு முடி கொட்டுது, தோல் வறண்டு போகுதுன்னு சொன்னா போதும், உடனே யாராவது "விட்டமின் ஏ குடுத்துப் பாருங்க"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கு இதைக் கேட்டாலே கடுப்பாகும். ஏன்னா இந்த ரெண்டும் ஏ கம்மியானாலும் வரும், ரொம்ப ஏறிப்போனாலும் வரும், வெளிய இருந்து பார்த்து எதுன்னு சொல்லிட முடியாது.

காட்டுல குரங்கு திங்குறது பெரும்பாலும் இலை, பழம், பூ. அதுல இருக்கறது பீட்டா கரோட்டின் வகையறாதான், ரெடிமேட் விட்டமின் ஏ வேணும்னா எப்பவாச்சும் ஒரு பறவை முட்டையோ பல்லியோ மாட்டணும். கரோட்டினை உடம்பு தேவைக்குத் தகுந்த மாதிரி விட்டமின் ஏவா மாத்திக்கும், கையிருப்பு போதும்னா குடல்லயே மாத்துறதைக் கொறச்சுக்கும். ஆனா பெல்லட்ல (கடையில விக்கற குரங்குத் தீவன உருண்டை) கலக்கறது ரெட்டினைல் அசிடேட் மாதிரி ரெடிமேட் சரக்கு, அதுக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது, உள்ள போனதுல பெரும்பகுதி நேரா ஈரல்ல போய் உக்காந்துக்கும், விட்டமின் சி மாதிரி ஒண்ணுக்குல வெளியேறவும் செய்யாது.

கணக்கு போட்டுப் பாருங்களேன். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003ல குரங்கு உணவுக்குன்னு சொன்னது கிலோவுக்கு 8,000 ஐயூ (விட்டமினை அளக்கற அலகு) விட்டமின் ஏ. 7 கிலோ ரீசஸ் குரங்கு ஒண்ணு நாளைக்கு 200 கிராம் பெல்லட் திங்குதுன்னு வச்சுக்குவோம், 1,600 ஐயூ ஆச்சு. ஒரு ஐயூன்னா 0.3 மைக்ரோகிராம் ரெட்டினால் (ரெடிமேட் விட்டமின் ஏவோட ஒரு வடிவம்), ஆக 480 மைக்ரோகிராம். வளந்த ஆம்பளைக்கே ஒரு நாளைக்கு 900தான் சொல்றாங்க! பத்துல ஒரு பங்கு எடை இருக்கற பிராணிக்கு அதுல பாதிக்கு மேல போயாச்சு, இன்னும் சொட்டு மருந்து பாட்டிலைத் திறக்கவே இல்ல.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல (1913ல மெக்கலமும் மார்கரீட் டேவிஸும் இந்த விட்டமினையே கண்டுபிடிச்ச அதே இடம்) வளர்ப்பு ரீசஸ் குரங்குகளோட ஈரல்ல இருக்கற விட்டமின் ஏவை அளந்து பார்த்தப்ப, மனுஷனுக்கு நச்சுன்னு வச்சிருக்கற எல்லையையே தாண்டி இருந்துச்சு.

ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரியாதான்னு கேப்பீங்க. பெருசா தெரியாது. மேல தொட்டில எவ்ளோ இருந்தாலும் குழாய்ல ஒரே மாதிரி தண்ணி வர்ற கதைதான், ஈரல் கிட்டத்தட்ட காலியானப்புறம்தான் ரத்தத்துல ரெட்டினால் இறங்கும். அதிகமா இருக்கான்னு பார்க்கணும்னா ரத்தத்துல ரெட்டினைல் எஸ்டரை (ஈரல் சேத்து வைக்கற வடிவம்) தனியா அளக்கச் சொல்லணும், அதுவும் வெறும் வயித்துல.

அதுக்காக கொறையே வராதுன்னு சொல்ல வரல. தட்டுல வச்சது வேற, வயித்துக்குள்ள போனது வேற. திராட்சையை மொதல்ல பொறுக்கித் தின்னுட்டு, பெல்லட்டை எடுத்து ஒரு கடி கடிச்சு அப்படியே கீழ போட்டுரும், கூண்டுக்கு அடில கூட்டிப் பார்த்தாத்தான் எவ்ளோ வீணாச்சுன்னே தெரியும், அதனால மிச்சத்தை எடை போடுங்க. வாழைப்பழம், ஆப்பிள்லயே வளர்ற குரங்குக்கு நெஜமாவே கொறை வரலாம், அதுல கரோட்டின் சொற்பம். (இங்கிலாந்துல பெய்ன்டன் மிருகக்காட்சிசாலை 2014ல குரங்குக்கு வாழைப்பழத்தையே நிறுத்துனாங்க, அது சர்க்கரைக்காக.) கீரை, கேரட், ஆரஞ்சு நிற சர்க்கரைவள்ளின்னு குடுத்தா சொட்டு மருந்து அளவுக்கு பயப்பட வேண்டியதில்ல, மிஞ்சிப் போனா தோல் லேசா மஞ்சளாகும். அப்புறம் பெல்லட் மூட்டைல தயாரிச்ச தேதி பாருங்க, வெளிச்சம், சூடு, காத்து மூணும் பட்டா விட்டமின் ஏ செத்துப்போகும், திறந்து போட்ட பழைய மூட்டைக்கு லேபில்ல இருக்கற நம்பர் செல்லாது.

இதைப் படிச்சுட்டு சொட்டு மருந்தை இன்னிக்கே நிறுத்திடாதீங்க, அதுல விட்டமின் டி3யும் சேந்து இருக்கலாம். மார்மோசெட் மாதிரி தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு விட்டமின் டியோட இன்னொரு வகையான டி2 சரியா ஒத்து வராது, டி3தான் வேணும், வெயிலே படாத கூண்டுல இருந்தா எலும்பு வளைஞ்சே போயிரும். பெல்லட் லேபில்ல டி3 போதுமான அளவு இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் நிறுத்துங்க, இல்லன்னா ஏ கலக்காத டி3 தனியா எழுதிக்குடுக்கச் சொல்லுங்க.