அய்யனார் குதிரையின் இடது காது

எங்கள் ஊர்க் கமிட்டியில் யாராவது இதைப் படித்தால் படிக்கட்டும், எனக்கு ஒன்றும் பயமில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண்மாய்க்குள் நடந்த மாபெரும் கிரிக்கெட் தொடர்போட்டியில், பந்து போடத் தெரிந்த என் தம்பியை வெளியூர்க்காரன் என்று உட்கார வைத்துவிட்டு, மட்டையின் எந்தப் பக்கத்தால் அடிப்பது என்று யோசிக்கிற என் வீட்டுக்காரரை ஊர்க்காரர் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அதற்கான செலவுதான் இப்போது மண் குதிரையாக வந்து நிற்கிறது.

போன வருடம் பக்கத்து ஊர் அணி எங்கிருந்தோ கூலிக்கு இரண்டு பேரைக் கூட்டிவந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த வயிற்றெரிச்சலில் இந்த வருடம் பேனரிலேயே சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டார்கள்: 'அந்தந்த ஊர் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. அசல் ஆதார் அட்டை அவசியம்.' இந்த ஒரு வரி போக மிச்ச இடமெல்லாம் முகங்கள். முதல் பரிசு கொடுப்பவர், இரண்டாம் பரிசு கொடுப்பவர், பந்தல் உபயம், பந்து உபயம், மோர் உபயம், மோருக்கு மிளகாய் கிள்ளிப் போடுகிறவர் உபயம் என்று ஒருவரையும் விடவில்லை. எங்கள் சித்தப்பா மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறார், மூன்றிலும் கறுப்புக் கண்ணாடி. வெயிலில் ஆடப்போகிற பையன்களின் படங்கள் கடைசியில், பேனரைக் கட்டுகிற கயிற்றுக்குப் பின்னால் போய்விட்டன.

தம்பி வெள்ளிக்கிழமை இரவு கம்பெனியில் வேலை முடித்துத் திருப்பூரில் பஸ் ஏறினான். தாராபுரம், ஒட்டன்சத்திரம் என்று நின்றுகொண்டே வந்து, திண்டுக்கல்லில்தான் உட்கார இடம் கிடைத்திருக்கிறது. மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி முகம் கழுவி, மாட்டுத்தாவணி போய் அடுத்த பஸ் பிடித்து ஊருக்கு வந்து சேர்ந்தபோது கோழி கூவிவிட்டது. அம்மா இட்லிக்கு மேல் இட்லியாக வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துப் பார்த்தார், ஏதோ அந்தக் கையை மட்டும் தனியாகப் பெற்றெடுத்ததுபோல. காலடியில் பந்தை இறக்குகிற யார்க்கர் போடுகிற கை அல்லவா. எங்கள் பகுதியில் டென்னிஸ் பந்தில் ஆடுகிற எல்லாப் பையன்களின் அம்மாக்களுக்கும் இந்த வியாதி உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜன் இப்படி ஊர் ஊராக டென்னிஸ் பந்து போட்டுப் பழகியவர்தானே? 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், அடுத்த மாதமே பிரிஸ்பேனில் டெஸ்ட் என ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். அன்றைக்கு எங்கள் தெருவில் பல வருடத் திட்டு ஒரே நாளில் நின்றது. "நடராஜனிடம் யாரும் ஆதார் அட்டை கேட்டிருக்க மாட்டார்கள்" என்றார் அப்பா, செய்தித்தாளை விலக்காமலே.

தம்பியிடம் கேட்டார்கள். அட்டையில் திருப்பூர் முகவரி. பாப்பாவைப் பள்ளியில் சேர்ப்பதற்கும் கேஸ் இணைப்புக்கும் போன வருடம்தான் மாற்றினான். எதிரணித் தலைவன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணன் நம்ம ஊர்ப்பக்கம் இல்லையே" என்றான். இவன் பிறந்தபோது சேனை தொட்டு வைத்ததே அந்தத் தலைவனின் பாட்டிதான். சட்டம் என்றால் சட்டம்!

சட்டத்தில் ஒரு சிக்கல், அதை அப்படியே வைத்துக்கொண்டால் எங்கள் ஊரில் பதினொரு பேர் தேறவில்லை. ஒருவன் சென்னை, ஒருவன் கோயம்புத்தூர், இருவர் சிங்கப்பூர், மிச்சமிருப்பவர்களில் பாதிப்பேர் பத்தாம் வகுப்பு, பாதிப்பேருக்கு முட்டி வலி. மற்ற ஊர்களிலும் இதே கதைதான். எல்லா அணித் தலைவர்களும் கலுங்கில் உட்கார்ந்து பேசி, சட்டத்தைத் திருத்தினார்கள். ஊர் மருமகன்கள் ஆடலாம். பெண் எடுத்தவன் பாதி ஊர்க்காரன் என்பது வாதம். அப்படிப் பார்த்தால் அந்த ஊரிலேயே பிறந்தவன் எத்தனை பங்கு ஊர்க்காரன் என்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் பார்ப்பவர் சித்தப்பா.

என் வீட்டுக்காரர் அப்போது திண்ணையில் நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதுரைக்காரர். கல்லூரியில் சதுரங்கம் ஆடினாராம். "மாப்பிள்ளை, சும்மா நின்றால் போதும்" என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அவர் எங்கள் ஊர் மருமகன் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே? சித்தப்பா டிரங்குப் பெட்டியைக் குடைந்து எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஓடினார். எதிரணி அதை முழுவதும் படித்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதியில் தன் பெரியப்பா பெயர் விட்டுப்போயிருப்பதை ஒருவன் கண்டுபிடித்து, அதற்காக ஆட்டம் கால் மணி நேரம் தாமதமானது.

மைதானத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 2017-இல் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது, ஊரே கூடிக் கண்மாய்க்குள் வெட்டியது. எங்கள் பையன்கள் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டுச் சரியாக ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்கு வெட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மற்ற இடத்தில் அது முன்பைவிட அடர்த்தியாக முளைத்து நிற்கிறது. முள்ளுக்குள் பந்து போனால் நான்கு ரன், எடுக்கப் போகிறவனுக்குச் செருப்பு இலவசம். கரையைத் தாண்டினால் ஆறு. கரைமேல் இருக்கிற அய்யனார் கோயில் குதிரைகள்மேல் பட்டால் ரன் கிடையாது, ஆள் அவுட், உண்டியலில் நூறு ரூபாய். இந்த விதி என் அப்பா ஆடிய காலத்திலிருந்தே உண்டு. அதனால் எங்கள் ஊரில் இடக்கை ஆட்டக்காரர் ஒருவர்கூட உருவானதில்லை, அந்தப் பக்கம் அவர்களுக்கு வாகான பக்கம்.

சனிக்கிழமை முதல் ஆட்டம் ஆடாமலே வென்றோம், எதிரணியில் ஒன்பது பேருக்குத்தான் அட்டை சரியாக இருந்தது. இரண்டாவது ஆட்டம் ஆறு ஓவர். தம்பி பந்தலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, துண்டின் இடைவெளி வழியே பார்த்தான். சின்னப் பையன் ஒருவன் அவனிடம் ஓடிவந்து, பந்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டான். தையல் இல்லாத பந்து, விரல்களைச் சேர்த்து வைத்து அழுத்தி விடு, கட்டைவிரல் நகத்தைப் பார்க்காதே, மட்டை பிடிப்பவன் செருப்பைப் பார் என்று சொல்லிக் கொடுத்தான். அந்தப் பையன் கடைசி ஓவரில் நான்கே ரன் கொடுத்தான். எங்கள் ஊர் வென்றது. ஆட்ட நாயகன் விருதாக எவர்சில்வர் குடம். பையன் அதை நேராகக் கொண்டுவந்து தம்பி மடியில் வைத்தான். "எடுத்துக்கொண்டு போடா, திருப்பூர் பஸ்ஸில் குடத்துக்கு வேறு டிக்கெட் கேட்பார்கள்" என்று விரட்டிவிட்டான், ஆனால் குரல் சரியில்லை.

மைக்கில் சித்தப்பா. அவர் பேசியது பாதி ஆட்டம், பாதி சிவகங்கை மாவட்ட வரலாறு. கீழடியில் பகடைக்காயும் வட்டச் சில்லும் கிடைத்திருக்கின்றன, ஆகவே இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் ஆடிப் பாடிய கூட்டம் என்று தொடங்கினால், இரண்டு விக்கெட் போயிருக்கும், சொல்ல மாட்டார். நடுவே, "வடக்குத் தெருவில் பால் பாத்திரத்தை வெளியில் வைத்தவர்கள் எடுத்து வைக்கவும், நாய் சுற்றுகிறது" என்பார். என் வீட்டுக்காரர் இறங்கியபோது மட்டும் ஒலிபெருக்கி அலறியது: "இதோ களமிறங்குகிறார் நமது இல்லத்து மருமகன், மதுரை மாநகர் தந்த மாணிக்கம், வங்கியில் உதவி மேலாளர்!" வங்கி என்றதும் பந்தலில் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். நகைக்கடன் விஷயம்.

ஞாயிறு அரையிறுதி. நான்கு பந்தில் ஒன்பது ரன் வேண்டும். கத்திரி வெயில், கண்மாய் மண் வெடித்துக் கிடக்கிறது, பந்து எங்கே விழுந்தாலும் வெடிப்புக்குள் போய் எழும்புகிறது. எங்கள் அம்மா, அத்தை, பெரியம்மா எல்லாரும் கரையில் வேப்பமர நிழலில். பெண்கள் யாரும் ஆட்டம் பார்க்க வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளைக்கு வெயிலில் மயக்கம் வந்தால் எலுமிச்சம்பழம் பிழியத்தான் வந்திருந்தார்கள். முதல் இரண்டு பந்தையும் அவர் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. மூன்றாவது பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். மூடியதை நான் பார்த்தேன், பதினாறு வருடமாகப் பார்க்கிற முகம்.

நல்ல சத்தம். பந்து உயர எழும்பியது. ஊரே எழுந்து நின்றது. அவரும் கண்ணைத் திறந்து, எல்லாரும் எதைப் பார்க்கிறார்கள் என்று தேடினார். பந்து கரைப்பக்கம் போய், இறங்கி, வரிசையில் மூன்றாவதாக நிற்கிற வெள்ளைக் குதிரையின் இடது காதில் பட்டது. காது கழன்று விழுந்து, படியில் உருண்டு, அம்மாவின் காலடியில் வந்து நின்றது. வெளியே சுண்ணாம்பு, உள்ளே சுட்ட மண்ணின் சிவப்பு, ஓர் ஓரத்தில் குயவரின் கட்டைவிரல் பதிந்த பள்ளம்.

பந்து போட்டவன் தொப்பியைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கரையைப் பார்த்துக் கும்பிட்டான். அப்படியே திரும்பி, கும்பிட்ட கையைப் பிரித்து, நடுவரிடம் அவுட் கேட்டான். நடுவரும் முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் விரலைத் தூக்கினார். மைக்கில் சித்தப்பா இரண்டு நிமிடம் பேசவில்லை. அவர் கையில் மைக் இருந்து அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

தோற்றோம். அது யாருக்கும் கவலையில்லை. பூசாரி வந்து காதைத் தூக்கிப் பார்த்து, ஒட்டுப்போட்ட குதிரை சாமிக்கு ஆகாது, குயவரிடம் பிடிமண் கொடுத்துப் புதுப் புரவி செய்து, அடுத்த புரவி எடுப்புத் திருவிழாவில் இறக்க வேண்டும் என்றார். செலவு, அடித்தவருடையது. கமிட்டி உடனே ரசீதுப் புத்தகத்தை எடுத்தது. அந்தப் புத்தகம் எப்போதும் யார் சட்டைப்பையிலோ தயாராக இருக்கும்.

அப்போதுதான் அம்மா எழுந்தார். காதை முந்தானையில் முடிந்துகொண்டு நேராகப் பந்தலுக்கு நடந்தார். "தம்பி, அந்த மைக்கைக் கொடு" என்றார் சித்தப்பாவிடம். அவர் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு மைக் தேவைப்படவும் இல்லை. "என் மகன் திருப்பூரில் இருந்தாலும் வருடம் தவறாமல் தலைக்கட்டு வரி கட்டுகிறான். வாங்கும்போது எந்த அட்டையைப் பார்த்தீர்கள்? வரிக்கு ஊர்க்காரன், பந்துக்கு வெளியூர்க்காரனா? அவனை இறக்கியிருந்தால் மாப்பிள்ளை ஏன் மட்டையைத் தொடப்போகிறார், குதிரைக்கு ஏன் காது போகப்போகிறது?" கமிட்டி தலையைச் சொறிந்தது. வரி வேறு, விளையாட்டு வேறு, இதை ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்றார் ஒருவர். ஊர்க்கூட்டம் ஆடியில். தொடர்போட்டிக்கு எவர்சில்வர் குடம் வாங்கியதில் மிச்சக் கணக்கே இன்னும் பேசி முடியவில்லை.

தம்பி அன்று இரவே கிளம்பினான், திங்கள் காலை கம்பெனியில் இருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், புரவியில் பாதி என் கணக்கு" என்றான். "நீ ஆடவே இல்லையே மாப்பிள்ளை" என்றார் இவர். "அதனால்தான்" என்றான். கூட்டத்தோடு ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திருப்பூர் போய்ச் சேர்ந்ததும் என் கணக்குக்குப் பணம் வந்துவிட்டது, குறிப்பில் 'இடது காது' என்று எழுதியிருந்தான்.

இப்போது மானாமதுரைக் குயவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். கண்மாய் மண்ணைப் பிடிமண்ணாகத் துணியில் முடிந்து வீட்டுக்காரரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார், வெறுங்காலோடு, உதவி மேலாளர் எந்த வாடிக்கையாளருக்கும் காட்டாத பணிவோடு. ரசீதில் அவர் பெயருக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் படமெடுத்து அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாருக்கும் அனுப்பினார். சிறிது நேரத்தில் மாமியார் எனக்குப் போன் செய்தார். "அம்மாடி, அவன் எங்கள் குலசாமிக்கு இதுவரை ஒரு மணிகூட வாங்கிக் கட்டியதில்லை. உங்கள் ஊரில் குதிரை எடுக்கிறானாமே, என்ன வேண்டுதல்?" என்றார்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார் என்று சொல்லிவிட்டேன். பெரியவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது மதிப்பெண் குறைந்தால் குதிரையைக் காரணம் சொல்வாள்.