வீட்டு கம்ப்யூட்டரில் மொனேரோ மைனிங்: சேலத்திலும் ஏற்காட்டிலும் ஓட்டிப் பார்த்தது

கிரிப்டோ மைனிங் செய்யும்போது கம்ப்யூட்டர் உண்மையில் என்ன வேலை பார்க்கிறது? சேலத்தில் நான் கேட்டவர்களுக்கு பிட்காயின் விலை தெரிந்திருந்தது, இது தெரியவில்லை. சரி, ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்வோம் என்று இறங்கினேன்.

பிட்காயினை வீட்டில் எடுக்கும் காலம் முடிந்துவிட்டது. 2009-ல் சாதாரண பிராசஸரே போதுமாக இருந்தது. 2013-லிருந்து அந்த ஒரு கணக்கை மட்டுமே போடும் ஏசிக் இயந்திரங்கள் வந்துவிட்டன. பிளாக் என்ற பரிவர்த்தனைத் தொகுப்பு ஒன்றைச் சேர்ப்பவருக்குக் கிடைக்கும் பரிசும் 50 பிட்காயினில் தொடங்கி, பாதி பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125-க்கு வந்துவிட்டது. எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவோ 2022 செப்டம்பரில் மைனிங்கையே கைவிட்டது. அதனால் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தேர்ந்தெடுத்தேன். 2019 முதல் அதில் இருக்கும் ராண்டம்எக்ஸ் என்ற மைனிங் முறை சாதாரண பிராசஸருக்காகவே உருவாக்கப்பட்டது. பிராசஸரில் ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் (த்ரெட்) 2 எம்பி கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், வேண்டும், 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் ரேம் வேண்டும். வீட்டிலிருந்த ஆறு கோர் ரைசன் பிராசஸரே இதற்குத் தாராளம்.

முதல் வேலை வாலட், அதாவது கிரிப்டோ காசை வைத்துக்கொள்ளும் மென்பொருள். அது 25 சொற்களைக் கொடுக்கும். அவை யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் காசு. போட்டோ எடுக்காமல், காகிதத்தில் எழுதி பீரோவில் வைத்தேன். அடுத்து எக்ஸ்எம்ரிக் என்ற மைனிங் மென்பொருள் (மைனர்). பிறர் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக மைனிங் செய்பவர்களும் இதையே பயன்படுத்துவதால், ஆன்டிவைரஸ் இதைக் கண்டதும் அழித்துவிடும். அந்த ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால், இறக்கிய கோப்பு அசல்தானா என்று அதன் ஹாஷை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற எண்ணை, ஒப்பிட்டுப் பார்ப்பது ரொம்ப முக்கியம்.

ஓட ஆரம்பித்ததும்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பிளாக்கின் தகவலோடு ஒரு எண்ணைச் சேர்த்து ஹாஷ் போடுகிறது. விடை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வரவில்லையா, எண்ணை மாற்றி மறுபடி போடுகிறது. சூட்கேஸின் நம்பர் பூட்டை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிப் பார்ப்பது போல. சரியான எண்ணைக் கண்டுபிடிக்கப் படாதபாடு படவேண்டும். அது சரிதானா என்று பார்க்க ஒரு நொடி கூட ஆகாது. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் ஒருவரையொருவர் நம்பாமலேயே ஒரே கணக்குப் புத்தகத்தை வைத்திருக்க முடிவது இதனால்தான். விலையைப் பற்றிய பேச்சை எல்லாம் விட எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது இதுதான்.

கம்ப்யூட்டர் 150 வாட்டை ஒட்டி இழுத்தது. நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 216 யூனிட். அப்போது இலவசமாகக் கிடைத்ததே 100 யூனிட்தான், அது வீட்டு ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் போய்விட்டது. மொத்தம் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் அப்போது கிடைக்காது. வரவு என்ன? இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதற்கு 0.6 மொனேரோ, ஒரு நாளைக்கு உலகத்துக்கே 432. அதற்காக விநாடிக்குப் பல நூறு கோடி ஹாஷ்கள் போட்டி போடுகின்றன. என் கம்ப்யூட்டர் போடுவது ஆறாயிரத்துச் சொச்சம். கரண்டு காசுக்கே பத்தவில்லை.

சேலத்து வெயிலில் பிராசஸர் சூடாகி வேகம் குறைந்தது. அதனால் ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். வேகம் குறையவே இல்லை. ஆனால் மழைக்காற்றில் மரம் விழுந்தால் கரண்டு போய்விடும். நான் சேர்ந்திருந்தது பி2பூல் மினி, பலர் சேர்ந்து மைனிங் செய்து வரவைப் பகிர்ந்துகொள்ளும் குழு. நடுவில் முதலாளி யாரும் கிடையாது, கமிஷனும் இல்லை, பங்கு நேராக வாலட்டுக்கு வரும். அதில் நாம் கண்டுபிடித்த ஷேர், அதாவது வேலை செய்ததற்கு அத்தாட்சியான கொஞ்சம் எளிதான விடை, சில மணி நேரம்தான் கணக்கில் இருக்கும். நீண்ட மின்வெட்டு வந்தால் பழைய ஷேர் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“இதெல்லாம் கேஸ் ஆயிடாதாப்பா?” என்று சித்தி கவலைப்பட்டார். கிரிப்டோவுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018-ல் போட்ட உத்தரவை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததைச் சொன்னேன். வரியையும் சொன்னேன்: 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம், மைனிங்குக்கான கரண்டு செலவைக் கழிக்க முடியாது.

“பணம் போட்டால் நாங்களே மைனிங் செய்து தினமும் வருமானம் தருகிறோம், ஆள் சேர்த்தால் கூடுதல்” என்று சேலத்தில் சிலர் ஆப் காட்டுகிறார்கள். மேலே சொன்ன ஹாஷ், ஷேர், மீட்டர் எதையும் அதில் பார்க்க முடியாது. அதில் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இப்போது மைனரை நிறுத்திவிட்டு, மொனேரோவின் கணக்குப் புத்தகத்தை வைத்துச் சரிபார்க்கும் மென்பொருளான நோடை மட்டும் பழைய லேப்டாப்பில் ஓட விட்டிருக்கிறேன். சுருக்கிய வடிவில் வைத்தால் பிளாக்குகளின் முழு சங்கிலியின் மூன்றில் ஒரு பங்கு இடம் போதும், கரண்டும் அதிகம் இழுக்காது. ஒவ்வொரு பிளாக்கையும் அது தானே சரிபார்க்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு மைனருக்கு முன்னால் இதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.