'லிவர் நார்மல்' என்று எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டால் போன மூன்று வாரம்

அப்பாவுக்கு ஈரல் மாற்று முடிந்து இன்றோடு 41 நாள். கொடுத்தது நான், என் ஈரலின் வலப்பக்கம். இரண்டு பேரும் பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் அந்த ஸ்கேன் சென்டர் மேல் இருக்கிற ஆத்திரம் அடங்கவில்லை.

முதலில் கொடுக்க வந்தது அண்ணன். ரத்த வகை, எடை எல்லாம் சரி. செலவு குறையட்டும் என்று வெளியே ஒரு சென்டரில் சி.டி. எடுத்தோம். 'லிவர் நார்மல்' என்று ரிப்போர்ட். அதை நம்பி அண்ணன் இரண்டு மாத லீவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்தார். "டை ஏத்தி ஒரே கட்டம்தான் எடுத்திருக்காங்க, ஸ்லைஸும் தடிமன். இதை வெச்சு கத்தியை எடுக்க முடியாதும்மா" என்றார். தமனியும் சிரையும் தனித்தனியாகத் தெரிய மூன்று கட்டமும் வேண்டுமாம். டிஸ்காவது கிடைக்குமா என்று சென்டருக்கு ஓடினால், கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஃபிலிம் மட்டும்தான் மேடம், டேட்டா டெலீட் ஆயிடுச்சு" என்றார். மறுபடி கிட்னிக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, மறுபடி டை, மறுபடி பணம். அதற்குள் அப்பாவுக்கு வயிற்றில் நீர் இரண்டு தடவை எடுத்தாயிற்று.

புது ஸ்கேனில்தான் விஷயமே தெரிந்தது. சர்ஜன் ஃபைல் அட்டையின் பின்புறம் பேனாவால் வரைந்து காட்டினார். குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை, ஈரல் வாசலில் உண்டிவில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிய வேண்டும். அண்ணனுக்கு வலப்பக்கத்து முன்கிளை, அந்தச் சிரையின் இடது கிளை ஈரலுக்குள் நுழைந்த பிறகு அதிலிருந்து கிளம்புகிறது. வலதை எடுக்கப்போனால் அவனிடம் மிஞ்சும் பாதிக்கே ஆபத்து. "உங்களுக்கு ஆயுசுக்கும் இதால ஒண்ணும் ஆகாது. கொடுக்கத்தான் முடியாது" என்றார். அண்ணன் அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நோய் இல்லை என்பதைத்தான் 'நார்மல்' சொல்கிறது. குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்பது வேறு கேள்வி. சீட்டில் 'லிவர் டோனர்' என்று எழுதி வாங்கிப் போங்கள், அப்போதுதான் அதற்குத் தகுந்த மாதிரி எடுப்பார்கள். டிஸ்கை அன்றைக்கே கையில் வாங்குங்கள். லீவெல்லாம் அப்புறம்.

அடுத்தது நான். சி.டி., பித்தக்குழாயைப் பார்க்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன், இரண்டும் ஆஸ்பத்திரியிலேயே. எனக்கும் வித்தியாசம் என்றதும் நெஞ்சு திக்கென்றது. வலது தமனி வழக்கமான இடத்தை விட்டு, குடலுக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து வருகிறதாம். சர்ஜன் சிரித்தார். "இது எங்களுக்கு வசதிம்மா, தைக்க நீளமா கிடைக்கும்." மைக்கேல்ஸ் என்பவர் 200 உடல்களை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்ட கணக்கில், தமனி பாடப்புத்தகத்தில் உள்ளபடி இருந்தது 55 சதவீதம் பேருக்குத்தான் என்றார். பித்தக்குழாயும் எனக்கு இரண்டு வாய். முன்பே தெரிந்ததால் இரண்டையும் தனித்தனியாக இணைக்கத் தயாராகவே போனார்கள்.

உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கும் கமிட்டியில் அப்பாவின் இனிஷியல் குழப்பத்துக்கு ஒரு அஃபிடவிட், ஒரு நாள் அலைச்சல். அவ்வளவுதான்.

அந்த ஃபைல் அட்டையை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். நாளைக்கு அவனுக்கு வயிற்றில் எந்த ஆபரேஷன் என்றாலும், முதலில் அதைத்தான் காட்ட வேண்டும் என்று அண்ணியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.