ஒரு பில் எத்தனை நிலையில் இருக்கலாம்? எபெனில் படம் வரைந்தே முடித்த ஒரு வேலை

மொரிஷியஸில் மின்-விலைப்பட்டியல் முறை 2024-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் சுற்றில் மாட்டியவை ஆண்டு விற்றுமுதல் 10 கோடி மொரிஷியஸ் ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள். எங்கள் வாடிக்கையாளர் அதில் ஒருவர். போர்ட் லூயி துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிடங்கு, அரிசி பருப்பு எண்ணெய் என்று தீவு முழுக்கச் சப்ளை. இனி ஒவ்வொரு பில்லும் வருவாய் ஆணையத்தின் தளத்துக்கு உடனுக்குடன் போய், பதிவெண்ணும் கியூஆர் குறியும் வாங்கிக்கொண்டுதான் கடைக்காரர் கைக்குப் போக வேண்டும். பழைய பில்லிங் மென்பொருளை இதற்கேற்ப மாற்றித் தரும் வேலை எபென் நகரில் உள்ள எங்கள் மென்பொருள் குழுவுக்கு வந்தது.

குழுவில் தமிழ் பேசுவது நானும் திருநெல்வேலிப் பையன் ஒருவனும்தான். மற்றவர்களுக்கு கிரியோலும் பிரெஞ்சும். வாடிக்கையாளர் பக்கத்தில் எதற்கும் கடைசி வார்த்தை தலைமைக் கணக்கருடையது. தமிழ்க் குடும்பத்தவர், தைப்பூசக் காவடி எடுப்பவர், ஆனால் வீட்டில் பேச்சு கிரியோல்தான். எல்லோருக்கும் அவர் மதாம். கோடு, அதாவது மென்பொருள் நிரல், படிக்கத் தெரியாது. கணக்கில் அவரை ஏய்க்கவும் முடியாது.

முன்பு வேலை பார்த்தவர்கள் விட்டுப்போன கோப்பில் ஒரு கிளாஸ் டயக்ராம் கிடந்தது; நிரலின் பாகங்களான கிளாஸ்களையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டும் படம். ஏதோ கருவி கோடிலிருந்து தானாக உருவாக்கியது. ஏ3 தாளில் அச்சிட்டாலும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எல்லா கிளாஸும் இருந்தன, எது முக்கியம் என்பது மட்டும் இல்லை. கோடைத் திறந்தால் தெரிந்துவிடும் விஷயத்துக்குப் படம் எதற்கு? மடித்து வைத்துவிட்டோம்.

யூ.எம்.எல். (மென்பொருளைப் படமாக வரையும் பொதுக் குறியீட்டு மொழி) என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. புச், ரம்பா, ஜேக்கப்சன் மூவரும் தங்கள் தனித்தனிக் குறியீட்டு முறைகளை ஒன்றாகச் சேர்த்து உருவாக்கியது அது, 1997-இல் ஓ.எம்.ஜி. என்ற தரநிலை அமைப்பு அதைத் தரநிலையாக ஏற்றுக்கொண்டது. இன்றைய பதிப்பில் 14 வகைப் படங்கள் உண்டு. நாங்கள் தொட்டது இரண்டே வகை: செய்திகள் போய்வரும் வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ், ஒரு பொருளின் நிலைகளைக் காட்டும் ஸ்டேட். போதும்.

ஆனால் ஆரம்பித்தது அதற்கு வெளியே, மென்பொருளை நான்கு மட்டங்களில் வரையும் சைமன் பிரவுனின் சி4 முறையில் மேலே நிற்கும் சூழல் படத்தில். நடுவில் நம் மென்பொருளுக்கு ஒரு டப்பா, சுற்றிலும் ஆட்களும் மற்ற அமைப்புகளும், நடுவே அம்புகள். ஒவ்வொரு அம்பின் மேலும் என்ன போகிறது, எப்படிப் போகிறது என்று எழுதியே ஆக வேண்டும். பெயரில்லாத அம்புக்கு அவரவர் ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு தலையாட்டிவிடுவார்கள். இதைக் கிடங்கிலேயே ஒரு வெள்ளைப் பலகையில் வரைந்தோம். பார்த்துக்கொண்டிருந்த கிடங்கு மேற்பார்வையாளர், "சனிக்கிழமை பில் இதில் எங்கே?" என்றார். சனிக்கிழமை அரைநாள், அலுவலகம் மூடியிருக்கும். கவுன்டரில் இருக்கும் பழைய கணினியே பில் அடித்துவிடும், திங்கட்கிழமை யாராவது கணக்கில் ஏற்றுவார்கள். எங்களுக்குத் தந்த தேவைப் பட்டியலில் இப்படி ஒரு வழி இருப்பதாக ஒரு வரிகூட இல்லை. அந்தக் கணினியை அன்றே படத்துக்குள் கொண்டுவந்தோம்.

அடுத்து சீக்வென்ஸ். கவுன்டர், நம் சர்வர், ஆணையத்தின் தளம், பிரின்டர்: நான்கு செங்குத்துக் கோடுகள், இடையே போய் வரும் செய்திகள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் கதையை வரைவதில் சுவாரஸ்யம் இல்லை, சீக்கிரம் முடிந்தது. 'நிராகரித்தால்' என்ற பிரிவுக்கு ஓர் ஆல்ட் பெட்டி (மாற்று வழியைச் சுற்றிப் போடும் கட்டம்) போட்டோம். அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் ஒன்று என்று போனபோது நிறுத்திவிட்டேன். ஒரு கதையைச் சொல்லத்தான் சீக்வென்ஸ் படம். 'எந்த நிலைமையிலும் இந்தப் பில்லுக்கு என்ன ஆகும்?' என்பதற்கு அது பதில் சொல்லாது.

அதற்கு ஸ்டேட் படம் வேண்டும். பழைய தரவு டேபிளில் பில்லுக்கு 'அனுப்பியாயிற்றா', 'ஏற்கப்பட்டதா', 'அச்சாயிற்றா', 'ரத்தா' என்று நான்கு ஆம்-இல்லை நெடுவரிசைகள். நான்கு என்றால் 16 சேர்க்கைகள். ஏற்கப்படாமலே அச்சான பில், ரத்தாகியும் அனுப்பப்பட்ட பில் எல்லாம் அதில் சாத்தியம். இவற்றை எடுத்துவிட்டு ஒரே நெடுவரிசையில் நிலை என்று வைத்தோம்: வரைவு, அனுப்பியது, பதிவானது, நிராகரித்தது, ரத்து. வரைந்து முடித்ததும் பையன் பலகையை உற்றுப் பார்த்தான்.

"அக்கா, அனுப்பியதுல இருந்து வெளிய போக ரெண்டு அம்புதான் இருக்கு. ஏத்துக்கிட்டா ஒண்ணு, தள்ளிட்டா ஒண்ணு. பதிலே வரலன்னா?"

அங்கேதான் ஆறாவது நிலை பிறந்தது: 'தெரியவில்லை'. பில் அங்கே போய்ச் சேர்ந்து பதிவாகியும் இருக்கலாம், போகாமலும் இருக்கலாம். புது எண் போட்டு மறுபடி அனுப்பினால் ஒரே விற்பனைக்கு இரண்டு பில் ஆகிவிடும். 15 சதவீத வாட் இரண்டு முறை கணக்கில் ஏறும். அதனால் அந்த நிலையில் புது எண்ணுக்கு இடமே கிடையாது என்று அம்பிலேயே எழுதினோம்.

படத்தில் இல்லாத அம்பைக் கண்ணால் தேடுவது கஷ்டம். அதனால் அதையே அட்டவணையாக்கினோம். கீழாக 6 நிலைகள், குறுக்கே 5 நிகழ்வுகள்: அனுப்பு, ஏற்பு, நிராகரிப்பு, நேரம் கடந்தது, ரத்துக் கோரிக்கை. மொத்தம் 30 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அடுத்த நிலை, அல்லது 'நடக்காது', அல்லது 'பிழை'. காலிக் கட்டம் இருந்தால் அது மதாமுக்கான கேள்வி. டப்பாக்களுக்குள் அவர் புழங்கும் பிரெஞ்சுப் பெயர்களையே எழுதியிருந்ததால் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதிவான பில்லுக்கு ரத்துக் கோரிக்கை வந்தால்? பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தையே அடித்தார்: ரத்து கிடையாது, கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) மட்டுமே. பதில் தெரியாமல் நிற்கும்போது வாசலில் லாரி காத்திருந்தால்? டெலிவரி நோட்டோடு சரக்கு போகட்டும், பில் பின்னால் போகும். எங்கள் ஆட்கள் அதற்கு மேல் பேசவில்லை.

'அச்சாயிற்றா' என்பதைத் தனி நிலையாக்காமல் 'பதிவானது' டப்பாவுக்குள் இரண்டு சின்ன டப்பாக்களாக வைத்தோம். நிலைக்குள் நிலை வைக்கும் இந்த உத்தி டேவிட் ஹரேல் 1987-இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் முறையிலிருந்து வந்தது. போர் விமானத்தின் மின்னணு அமைப்பை விவரிக்கப் போய் அவர் கண்டுபிடித்தது. பருப்பு மூட்டை பில்லுக்கும் அது பொருந்துகிறது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தைப் படமாக்கும் மெர்மெய்டில் எழுதி, கோடும் அதன் மாற்றங்களும் சேரும் கிட் களஞ்சியத்திலேயே வைத்தோம். கிட் களஞ்சியங்களை வைக்கும் தளமான கிட்ஹப் 2022 முதல் அதைப் படமாகவே காட்டுகிறது. எந்த அம்பு எப்போது, யாரால் மாறியது என்று வரலாறு கிடைக்கும். அம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அசிங்கமாகத்தான் வரும், அதை நேராக்க மெனக்கெட வேண்டாம்.

பில்லிங் ஓடத் தொடங்கியதும் சீக்வென்ஸ் படத்தை அழித்துவிட்டேன். நிரல் மாறிவிட்டது, பழைய படம் பொய் சொல்லும். சூழல் படமும் ஸ்டேட் அட்டவணையும் இருக்கின்றன; கட்டத்துக்கு ஒன்றாக 30 சோதனைகள் அட்டவணையை ஒட்டியே ஓடுகின்றன. இப்போது பில் தொகையில் ஒரு பகுதிக்கு மட்டும் கிரெடிட் நோட் வேண்டுமாம். ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் கூடும். புதுக் கட்டங்களில் சில இன்னும் காலி, மதாம் வியாழக்கிழமை வருகிறார்.