மரத்துக்கு எதற்குப் பல்?

மெண்டோசா சுவடியில் உள்ள ஊர்ப்பெயர்ப் படங்களுக்கு விவரம் எழுதும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. 1541ஐ ஒட்டி மெக்சிகோ நகரில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான நாவா ஓவியர்கள் வரைந்த சுவடி இது. ஊர்ப்பெயர்களைப் படமாகவே எழுதியிருக்கிறார்கள். 1659 முதல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. படிவத்தில் ஒரே கட்டம்: ‘படத்தில் என்ன தெரிகிறது?’

சபுல்தெபெக் சுலபம். மலை, அதன்மேல் வெட்டுக்கிளி. பெயரும் அதேதான்: வெட்டுக்கிளி மலை. கோவாதெபெக் என்றால் பாம்பும் மலையும். இப்படியே போய்விடும் என்று நினைத்தால், குவாவ்தித்லானில் மரத்துக்குப் பல் முளைத்திருக்கிறது. நாவா மக்களின் நாவாட்டில் மொழியில் ‘த்லான்த்லி’ என்றால் பல். ஊர்ப்பெயரின் கடைசியில் வரும் ‘த்லான்’ இடத்தைக் குறிக்கும் விகுதி. அந்த ஒலிக்காகத்தான் பல்லை வரைந்திருக்கிறார்கள். பல்லுக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. தோச்பானில் முயலோடு ஒரு கம்பத்துக் கொடி. கொடியும் ‘பான்’ என்ற ஒலிக்குத்தான். ‘த்சிங்கோ’ என்று முடியும் ஊர்களுக்கும் ஒலிக்காகவே மனித உடலின் கீழ்ப்பாதியை வரைவார்கள். அதை விவரிக்க நாகரிகமான சொல் எது என்று குழுவில் அரை நாள் பேச்சு ஓடியது.

ஆனால் அஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானுக்குப் பல் கிடையாது. கல், அதிலிருந்து முளைத்த கள்ளி, அவ்வளவுதான். தலைநகரின் பெயரை முழுதாக எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் யாருக்கு?

படங்களோடு லத்தீன் எழுத்தில் ஊர்ப்பெயரும் எழுதியிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். குற்றம் சொல்ல முடியாது, வேகம்தான் கணக்கு. அந்தக் காலத்திலும் அவசரம்தான். ஸ்பெயினுக்குக் கப்பல்கள் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதுதான் படங்கள் கைக்கு வந்தன என்று ஸ்பானிய விளக்கம் எழுதியவர் சுவடியின் கடைசியில் புலம்பியிருக்கிறார். என்னைக் கேட்டால், முதல் பார்வைக்கு அந்த எழுத்துகளை மறைத்துவிட்டே படத்தைக் கொடுக்க வேண்டும்.

அது நடக்கவில்லை. படிவத்தில் ‘ஒலிக்காக வந்தது’ என்று இன்னொரு கட்டம் மட்டும் கிடைத்தது. இப்போது தேடலில் ‘பல்’ என்று போட்டால் ஊர்ப்பட்டியல் வருகிறது. பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்கிறார் மேற்பார்வையாளர். சரி, கொஞ்சம் குழம்பட்டுமே.