ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும்?

அந்த ஜெட் படகில், உள்ளே ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கிற பம்புக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை வேலை செய்து கொடுத்தேன். மூன்று முறையும் வேலை சுத்தம் என்று நினைத்துத்தான் காசு வாங்கினேன். நாலாவது முறை, நானே அந்தப் படகில் இருக்கும்போது, எஞ்சின் பெட்டிக்குள் இரண்டு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

எனக்கு யாழ்ப்பாணம் குருநகரில், கடற்கரையை ஒட்டி, ஒரு சின்னப் பட்டறை. தொழில் பழகியது தொண்ணூறுகளில், தோட்டத்து இறைப்பு மெசின்களில். பெற்றோல் கிடையாத காலம். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு மெசினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அப்போதெல்லாம் பம்ப் என்றால் தண்ணீரை வரவைக்கிற சாமான். பிறகு மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் பட்டறைக்கு வந்தன. அந்தப் படகுகளுக்குப் பம்ப் இல்லை. எண்ணெய்க் கானை அரைவாசியாக வெட்டி வைத்திருப்பார்கள், அதுதான் பம்ப்.

ஜெட் படகு அப்படியில்லை. பத்தொன்பது அடி, இரண்டாம் கை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய தம்பி ஒருவர் தீவுப் பக்கம் சுற்றுலாக்காரரை ஏற்றலாம் என்று வாங்கியிருந்தார். அவருடைய கணக்கு பிழையில்லை. எங்கள் கடல் ஆழமில்லாதது, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். ஜெட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி கிடையாது. படகின் அடியிலுள்ள ஒரு கம்பித் தட்டி வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே ஒரு தண்டில் சுழலும் இம்பெல்லர் என்கிற இறக்கைச் சக்கரத்தால் பின்பக்கம் பீய்ச்சி அடித்து ஓடும். 1950களில் நியூசிலாந்தில் பில் ஹமில்டன் என்பவர் ஆழமற்ற ஆறுகளில் ஓட்டுவதற்காக உருப்படியாக்கிய முறை இது. ஆனால் அந்த ஆறுகளின் அடியில் கூழாங்கல். இங்கே சேறு, மணல், சாதாளை என்கிற கடற்தாவரம், போதாததற்கு அறுந்த தங்கூசி வலை, அதுதான் நைலோன் நரம்பு வலை. முழங்கால் தண்ணீரில் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினால் அத்தனையும் தட்டிக்குள் போகும். இரண்டு மூன்று அடித் தண்ணீர் வரும்வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும் என்று படகை ஓட்டுகிற பெடியனுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சப்பாத்து நனையும் என்று கேட்கமாட்டான்.

முதல் முறை வந்தபோது குறை சின்னது. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் போகவில்லை. அடியிலிருக்கும் வடிகட்டியைக் கழற்றினால் தலைமயிரும் சாதாளைத் துண்டும் பிஸ்கற் பேப்பரும் சேர்ந்து ஒரு கட்டி. எடுத்தேன், கழுவினேன், ஓடியது. அன்றே வெளித் தட்டியையும் பார்த்தேன். உள்ளே தண்டைச் சுற்றித் தங்கூசி சிக்கியிருந்தது. கத்தியை விட்டு அறுத்து இழுத்தேன். கையில் வந்ததை எடுத்து எறிந்துவிட்டு, வராதது ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினேன். இந்த வரியை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

இரண்டாம் முறை பம்பின் மோட்டர் எரிந்திருந்தது. புதிது போட்டேன். மூன்றாம் முறை வயர். முன்பு யாரோ இரண்டு வயரை முறுக்கி இன்சுலேசன் ரேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். ரேப்பை உரித்தால் செம்பு பச்சையாகப் பூத்து, விரலால் தொட உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் படுகிற இடத்தில் ரேப்பை நம்பக்கூடாது, அது தண்ணீரை மறிக்காது, உள்ளே பிடித்து வைத்திருக்கும். வெள்ளீயம் பூசிய வயர் தேடி எடுத்து, இறுக்கி, சூடுகாட்டிச் சுருக்குகிற உறை போட்டுக் கொடுத்தேன். அழகான வேலை. தம்பிக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். அந்த மூன்று முறையில் ஒருமுறைகூட, இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை.

அது ஆனி மாதம், நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா நாட்கள். குறிகட்டுவான் துறையில் சனம் நெரிந்தது. "வரிசையில ஏன் நிக்கிறியள் அண்ணை, எங்கட படகில போவம்" என்று தம்பி கூப்பிட்டார். அவர், ஓட்டுகிற பெடியன், நான், என் மனைவி. சோழகம், அதுதான் தென்மேற்குக் காற்று, நன்றாக எழும்பியிருந்தது. துறையை விட்டு வெளியே வந்து பெடியன் வேகம் கொடுத்தான். படகு மூக்கைத் தூக்கியது. தூக்கிய மூக்கு இறங்கவில்லை. வழமையாக ஒரு பத்து எண்ணுவதற்குள் தண்ணீருக்கு மேலே ஏறிச் சறுக்கத் தொடங்கும் படகு, பின்பக்கம் தாழ்ந்து, சினைப்பட்ட பசு மாதிரி நகர்ந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் கூடிக்கொண்டு போனது.

"சாதாளை இழுத்திட்டுது போல, நிப்பாட்டு" என்றேன். அதிலும் என் அனுபவம்தான் என்னை ஏமாற்றியது. தட்டி அடைபட்டாலும் இதே குணம்தான், சத்தம் இருக்கும், தள்ளு இருக்காது. நிறுத்திவிட்டு எஞ்சின் மூடியைத் தூக்கினேன். கறுப்புத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், ஒரு சோடாப் போத்தல் மூடி மிதக்கிறது. பம்ப் இருக்கும் இடமே தெரியவில்லை. பெட்டியின் மேற்பக்கம்கூட நனைந்து சொட்டியது. மூக்கு மேலே போகும்போது உள்ளிருக்கும் தண்ணீர் முழுக்கப் பின்னால் ஓடிவந்து எஞ்சினுக்குக் கீழே நிற்கும். அங்கே எஞ்சினையும் ஜெட் தண்டையும் இணைக்கிற கப்ளிங் சுழல்கிறது. தண்ணீர் அதைத் தொட்டதும் அது நாலா பக்கமும் விசிறி அடித்திருக்கிறது.

பெடியன் சாவியில் கை வைத்தான். நான் போட்ட சத்தத்தில் என் மனைவி திடுக்கிட்டுப் போனார். காற்றை இழுக்கிற வழியில் தண்ணீர் போயிருந்தால், சிலிண்டருக்குள் காற்றை நசுக்குவதுபோல் தண்ணீரை நசுக்க முடியாது. ஒரு சுற்றிலேயே கொனெக்ரிங் ரொட் வளையும். அப்புறம் பம்ப் கதை இல்லை, எஞ்சின் கதை.

எஞ்சின் நின்ற ஜெட் படகுக்குச் சுக்கானும் கிடையாது. பீய்ச்சுகிற தண்ணீரைத் திருப்பித்தான் படகே திரும்புகிறது, தண்ணீர் இல்லையென்றால் ஸ்ரியரிங் வெறும் வட்டம். சோழகம் எங்களைத் தன்பாட்டில் தள்ளிக்கொண்டு போனது. அந்த நவீன படகில் தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம்கூட இல்லை. கடைசியில் கோயிலுக்கு என்று மனைவி கொண்டுவந்த அர்ச்சனைச் சாமான் கூடையைக் கவிழ்த்து, உள்ளேயிருந்த எவர்சில்வர் செம்பால் இறைத்தோம். அம்மன் மன்னிக்க வேண்டும்.

பக்கத்தில் போன மீன்பிடிப் படகொன்று கயிறு எறிந்து எங்களைத் திரும்பத் துறைக்கு இழுத்து வந்தது. அதிலிருந்த பெரியவருக்கு எழுபது வயதாவது இருக்கும். கட்டி முடித்ததும் எங்கள் படகின் எஞ்சின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"கடல் தண்ணிதான். தம்பி, இது ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும்?"

தம்பி என்னைப் பார்த்தார். நான் பெடியனைப் பார்த்தேன். பெடியன், "அது ஓட்டோமற்றிக் ஐயா, தானா அடிச்சு வெளியில விடும்" என்றான்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் படகைக் காட்டினார். "இது விடிய மூண்டு கான். வாடைக்கு நாலு. அஞ்சு எண்டால் கரையில ஏத்திப்போடுவன்."

அன்றிரவு கழற்றி எடுத்த பம்பை பட்டறையில் வாளால் அறுத்துத் திறந்தேன். பிறகு குப்பைக்குள் கிடந்த பழையதையும் தேடி எடுத்து அறுத்தேன். இரண்டிலும் ஒரே நோய். மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் கட்டை தேய்ந்து அரிசிமணி அளவுக்கு வந்துவிட்டது. இந்தச் சின்னப் பம்புகள் இடைக்கிடை ஓடுவதற்கு, நாள் முழுக்க ஓடுவதற்கு அல்ல. அவை பழுதானதால் தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர் ஓயாமல் ஏறியதால் அவை ஓயாமல் ஓடிச் செத்திருக்கின்றன. நான் ஒவ்வொன்றையும் புதிதாக்கி, அந்த ஒழுக்கை இன்னும் கொஞ்சக் காலம் ஒளித்துவைக்க உதவியிருக்கிறேன்.

பம்பின் பெட்டியில் எழுதியிருந்த கணக்கையும் அப்போதுதான் நம்பாமல் பார்த்தேன். மணிக்கு 500 கலன், அமெரிக்கக் கலன். நிமிடத்துக்கு ஏறக்குறைய 31 லீற்றர். அதே ரகப் புதுப் பம்பைப் படகின் குழாயிலேயே பூட்டி, 20 லீற்றர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தேன். வாளி நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பெட்டியில் இருக்கிற கணக்கு பற்றறி முழுச் சார்ஜில், குழாயே இல்லாமல், மேலே ஏற்றாமல் எடுத்தது. எங்கள் குழாய் நெளிநெளியானது, நடுவில் தொய்ந்து ஒரு பள்ளம் வேறு. ஒப்பிட ஒன்று சொல்கிறேன். ஓர் அங்குல ஓட்டை ஓர் அடி ஆழத்தில் இருந்தால் நிமிடத்துக்கு 40 லீற்றருக்கு மேல் உள்ளே வரும். தண்ணீர் வெளியேற்றும் துளையின் தக்கையைப் போட மறந்தால் கிட்டத்தட்ட அதே நிலைதான். பம்ப் இருக்கிறது என்ற தைரியம் அங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒழுக்கு எங்கே? படகை ரெயிலரில் ஏற்றி, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, உள்ளே கிணற்றுத் தண்ணீர் நிரப்பினோம். அளவாகத்தான், தண்ணீரின் பாரம் ரெயிலருக்கும் படகுக்கும் ஆகாது. உள்ளே இருப்பது வெளியே வருகிற வழிதான் வெளியே இருப்பது உள்ளே வருகிற வழியும் என்பது நியாயம். ரிவேர்ஸ் கேபிள் வெளியே போகும் இடத்தில் றப்பர் உறை வெடித்து, அரை மணிக்குப் பத்துச் சொட்டு. பம்பைக் கொல்ல அது போதாது. தண்டுப் பக்கம் பொட்டுத் தண்ணீர் இல்லை.

இரண்டு நாள் அந்தப் பத்துச் சொட்டைக் குற்றவாளியாக்கப் பார்த்தேன். பிறகு படகைத் தண்ணீரில் இறக்கி, துறையில் முன்னும் பின்னும் கட்டி, பெட்டிக்குள் குப்புறப்படுத்தேன். குழாய் மூட்டுகள், தண்டு வரும் இடம், பின் சுவர் எல்லாவற்றிலும் பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து ஒட்டியிருந்தேன். பத்து நிமிடம், தாள் காய்ந்தபடி. "ஸ்ரார்ட் பண்ணு" என்றேன். சும்மா ஓடும்போதும் காய்ந்தபடி. கொஞ்சம் வேகம் கொடுக்கச் சொன்னேன். ரோர்ச் வெளிச்சத்தில், தண்டு உள்ளே வரும் இடத்தில், மயிரிழை போல ஒன்று மின்னியது. அடுத்த கணம் அது விசிறியாக விரிந்து முகத்தில் அடித்தது. உப்பு.

கழற்றிப் பார்த்தபோது, தண்டைச் சுற்றித் தண்ணீரை மறிக்கிற றப்பர் வளையமான சீலின் உதட்டில் தங்கூசி கறுத்த வளையமாக உருகி ஒட்டியிருந்தது. நான் அறுத்தபோது கையில் வராத மிச்சம். சூட்டில் இறுகி, சீலைக் கிழித்து, அதற்குள் மணலும் புகுந்து, தண்டிலேயே நகத்தால் தொட்டால் தட்டுப்படுகிற ஒரு கோடு. நின்றால் ஒழுகாது, நோகாமல் ஓடினாலும் ஒழுகாது. தண்டு வேகமாகச் சுற்றி அதிரும்போது மட்டும் வாய் திறக்கும். ரெயிலரில் தண்டு சுற்றவில்லை. அதனால் உள்ளேயிருந்து நிரப்பிய கிணற்றுத் தண்ணீரை அது ஒழுங்காக மறித்திருக்கிறது. பட்டறையில் நல்ல பிள்ளை, கடலில் கள்ளன்.

தண்டும் சீலும் பெயரிங்கும் மாற்றினோம். கூலி வாங்கவில்லை, தம்பி வற்புறுத்தியும். பம்ப் இப்போது இரண்டு. சின்னது அடியில், பெரியது நாலு விரல் மேலே, தனித்தனி மிதப்பு சுவிற்ச், தனித்தனி பியூஸ், நேரே பற்றறியிலிருந்து. உட்பக்கம் வழுவழுப்பான குழாய், தொய்வில்லாமல், வெளிவாய் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே. தாழ்வாக வைத்தால் பம்ப் நின்றபின் கடலே அந்தக் குழாய் வழியாகத் திரும்பி உள்ளே வரும். இதெல்லாம் எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். நான் கூடச் செய்தது ஒரு சிவப்பு லைற். பம்ப் ஓடினால் ஓட்டுகிறவன் கண்ணுக்கு முன்னால் அது எரியும். பெடியனிடம் ஒரு கொப்பியும் கொடுத்தேன். லைற் எத்தனை தரம் எரிந்தது என்று நாளுக்கு ஒரு வரி. வெட்டின கான் ஒன்றும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தம்பிக்கு அது படகின் வடிவைக் கெடுக்கிறதாம்.

கார்த்திகையில் ஒரு இரவு, மழை கொட்டிக்கொண்டிருந்தது, பெடியன் போன் எடுத்தான். "அண்ணை, துறையில நிக்கிறன். லைற் பத்துது, நூருது, திரும்பப் பத்துது."

"கூரைத் துணி கட்டினனியோ?"

"காத்து பிச்சுப் போட்டுது அண்ணை."

"நக்கிப் பாத்தனியோ?"

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "உப்பில்லை அண்ணை" என்றான்.

"அப்ப துணியைக் கட்டிப்போட்டு வீட்டை போ. கொப்பியில எழுதிப்போட்டுப் போ."